ஒரே ஆளுக்குப் பத்து வேஷம்!

கம்ப்யூட்டர் திரையில் ஐந்து வீரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒருவன் வாள் வீரன். ஒருவன் மந்திரவாதி. ஒருத்தி காயத்துக்கு மருந்து போடுகிறவள். எதிரே ஒரு பறக்கும் நாகம் நெருப்பைக் கக்குகிறது. ஐந்து பேரும் அதன் மேல் பாய்கிறார்கள்.

இந்த ஐந்து வீரர்களையும் ஆட்டி வைப்பவர்கள் ஐந்து ஊர்களில் உட்கார்ந்து இருக்கிறார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை! ஐந்து பேரையும் ஆட்டி வைப்பவர் ஒரே ஆள். தோல்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் இருந்து கொண்டு ராமனையும் ராவணனையும் ஒருவரே ஆட்டுவாரே, அந்தக் கதைதான்!

இன்டர்நெட் விளையாட்டுகளில் நுழைய ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு வேண்டும். ஒரே ஆள் பல கணக்குகளை வைத்துக் கொண்டு, அவற்றை ஒரே நேரத்தில் திறந்து ஆடுவதற்கு ‘மல்டிபாக்சிங்’ என்று பெயர். ‘பாக்ஸ்’ என்றால் பெட்டி. கம்ப்யூட்டரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 1999-ம் ஆண்டு ‘எவர்குவெஸ்ட்’ என்ற விளையாட்டு வந்தபோது, இரண்டு கம்ப்யூட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொண்டு, ஒரு கை இதிலும் ஒரு கை அதிலுமாக ஆடினார்கள். இப்போது ஒரே பெட்டிக்குள் பத்துக் கணக்குகள் திறந்து விடுகின்றன. பெயர் மட்டும் பழைய பெயராகவே நின்று விட்டது.

இது கள்ள வேலையா? அதுதான் இல்லை. பல கம்பெனிகள் பல கணக்கு வைத்துக் கொள்ளத் தாராளமாக அனுமதிக்கின்றன. பத்துக் கணக்கு என்றால் பத்து மடங்கு பணம் அல்லவா? ‘வேர்ல்டு ஆப் வார்கிராப்ட்’ என்ற விளையாட்டில் 36 கணக்குகளை ஒரே ஆள் நடத்துகிறார் என்று 2008-ம் ஆண்டு செய்தி வந்தது. ஒரு கணக்குக்கு மாதம் ஏறக்குறைய 15 டாலர். 36 கணக்குக்கு 540 டாலர்! எந்தக் கடைக்காரர் இந்த வாடிக்கைக்காரரை வேண்டாம் என்பார்?

ஆனால், எதை அனுமதிக்கிறார்கள், எதை அனுமதிக்கவில்லை என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அது தெரியாமல் கணக்கையே பறிகொடுத்தவர்கள் உண்டு. அதிலும் விண்டோஸ் இல்லாத கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருக்க வேண்டி இருக்கிறது.

தூங்கினாலும் வளரும் படிப்பு

கணக்கு போனால் என்ன, வேறு ஒன்று திறந்தால் போகிறது என்று தோன்றலாம். ‘ஈவ் ஆன்லைன்’ விளையாட்டைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள்.

ஐஸ்லாந்து நாட்டில் உள்ள சி.சி.பி. என்ற கம்பெனி 2003-ம் ஆண்டு வெளியிட்ட விளையாட்டு அது. எல்லாம் விண்வெளியில் நடக்கிறது. அங்கே ஒரு பெரிய கப்பலை ஓட்டும் வித்தையைக் கற்றுக் கொள்ள நிஜமாகவே நாட்கள், வாரங்கள், மாதங்கள் ஆகும். விளையாட்டைத் திறந்து வைத்துக் கொண்டு உட்கார வேண்டியது இல்லை. நீங்கள் தூங்கினாலும், ஆபீசுக்குப் போனாலும் அந்த வீரனின் படிப்பு நடந்து கொண்டே இருக்கும். காலண்டரில் தேதி கிழியக் கிழிய அவனுக்கு வித்தை கூடும். ஆகவே, பத்து வருஷக் கணக்கு ஒன்றைப் பறிகொடுத்தால், பத்து வருஷக் காலண்டரையே பறிகொடுத்த மாதிரிதான். பணம் கொடுத்தாலும் அதே வீரன் திரும்பி வர மாட்டான்.

அங்கே பல கணக்கு வைத்திருப்பவர்கள் அதிகம். ஒரு கப்பல் விண்கல்லைத் தோண்டிக் கனிமம் எடுக்கும். இன்னொன்று அதைச் சுமந்து கொண்டு சந்தைக்குப் போகும். மூன்றாவது கப்பல் கொள்ளைக்காரர்கள் வருகிறார்களா என்று வழியில் காவல் நிற்கும். மூன்றும் ஒரே ஆள்! விவசாயியும் அவரே, வண்டிக்காரரும் அவரே, காவல்காரரும் அவரே.

துபாஷி வந்தார்!

இந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை மைக்ரோசாப்ட் கம்பெனியின் விண்டோசுக்காக எழுதப்பட்டவை. பின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் 1991-ம் ஆண்டு தொடங்கி வைத்த லினக்சில் அவை நேராக ஓடா. லினக்சுக்கு அடையாளச் சின்னம் பென்குயின் பறவை. விண்டோஸ் பாஷை பென்குயினுக்குப் புரியாது!

பாஷை தெரியாத இடத்தில் என்ன செய்வார்கள்? நடுவில் ஒரு துபாஷியை நிறுத்துவார்கள். அந்தத் துபாஷியின் பெயர் ‘ஒயின்’. குடிக்கிற ஒயின் அல்ல! ஒரு புரோகிராம். 1993-ம் ஆண்டு அந்த வேலை தொடங்கியது. மறு வருஷம் முதல் அதைத் தலைமை தாங்கி நடத்தி வருபவர் அலெக்சாண்டர் ஜூலியார். 1.0 என்ற முதல் முழுப் பதிப்பு 2008-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதிதான் வெளிவந்தது. 15 வருஷ உழைப்பு! விளையாட்டு, “ஒரு ஜன்னலைத் திற” என்று விண்டோஸ் பாஷையில் கேட்கும். ஒயின் அதை லினக்ஸ் பாஷையில் சொல்லி, வேலையை முடித்துக் கொடுக்கும். விளையாட்டுக்குத் தான் வேற்றூரில் இருப்பதே தெரியாது.

படங்களுக்குத் தனியாக இன்னொரு துபாஷி உண்டு. அதன் பெயர் டி.எக்ஸ்.வி.கே. 2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வால்வ் கம்பெனி இந்த இருவரையும் சேர்த்து, ‘புரோட்டான்’ என்ற பெயரில் தன் ‘ஸ்டீம்’ கடையில் வைத்தது. அதற்குப் பிறகுதான் லினக்சில் விளையாடுவது சாதாரண ஜனங்களுக்கும் கைவந்தது. அதற்கு முன்பு ஒரு விளையாட்டை ஓட வைப்பதே ஒரு விளையாட்டு!

பூட்டும் புது வீடும்

இனி, பல கணக்கைத் திறக்கும் வித்தைக்கு வருவோம். ‘கில்ட் வார்ஸ் 2’ என்ற விளையாட்டை எடுத்துக் கொள்ளலாம். அமெரிக்காவில் உள்ள அரீனாநெட் கம்பெனி 2012-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி வெளியிட்டது. மாதக் கட்டணம் கிடையாது. ஒரு தடவை வாங்கினால் போதும். 2015-ம் ஆண்டு முதல் அதன் ஆரம்பப் பகுதியை இலவசமாகவே கொடுத்து விட்டார்கள். ஆகவே அங்கே கணக்குக்கு மேல் கணக்கு வைத்திருப்பவர்கள் ஏராளம்.

இந்த விளையாட்டை விண்டோசில் ஒரு தடவை திறந்து விட்டு, மறுபடியும் திறந்தால் திறக்காது. காரணம், முதலில் திறந்தபோதே அது ஒரு பெயர்ப் பலகையை மாட்டி விடுகிறது. கம்ப்யூட்டர்காரர்கள் அதை ‘மியூடெக்ஸ்’ என்கிறார்கள். இரண்டாவது பிரதி வந்து பார்க்கும். பலகை தொங்கும். “ஓகோ, உள்ளே ஆள் இருக்கிறது” என்று திரும்பிப் போய்விடும். விண்டோஸ்காரர்கள் அந்தப் பலகையைக் கழற்றுவதற்கென்றே தனிப் புரோகிராம் தேடுகிறார்கள்.

லினக்சில் அந்தப் பலகையைத் தொடவே வேண்டாம். வேடிக்கை இங்கேதான் இருக்கிறது!

ஒயின் வேலை செய்யும்போது ஒரு வீடு கட்டிக் கொள்கிறது. அதற்கு ‘பிரிபிக்ஸ்’ என்று பெயர். பார்த்தால் சாதாரண போல்டர்தான். ஆனால் அதற்குள் ‘சி டிரைவ்’ இருக்கும். விண்டோஸ் தன் குறிப்புகளை எழுதி வைக்கும் ‘ரிஜிஸ்ட்ரி’ இருக்கும். ஒரு குட்டி விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றே சொல்லலாம். இப்படி எத்தனை வீடு வேண்டுமானாலும் கட்டலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ‘ஒயின் சர்வர்’ என்ற தனிக் கணக்குப்பிள்ளை உண்டு. யார் யார் என்ன பலகை மாட்டி இருக்கிறார்கள் என்பது அந்தக் கணக்குப்பிள்ளையின் நோட்டில் இருக்கும். ஒரு வீட்டு நோட்டு அடுத்த வீட்டுக்குப் போகாது.

ஆகவே, முதல் வீட்டில் விளையாட்டு தன் பலகையை மாட்டுகிறது. இரண்டாவது வீட்டில் வேறொரு பிரதி எழுந்து, பலகையைத் தேடுகிறது. காணோம்! “நான்தான் முதல் ஆள்” என்று சந்தோஷமாகத் திறந்து கொள்கிறது. மூன்றாவது வீட்டிலும் அப்படியே. பூட்டை யாரும் உடைக்கவில்லை. ஏமாற்ற வேண்டும் என்று ஒயினை எழுதியவர்கள் நினைக்கவும் இல்லை. ஒரு வீட்டில் கெட்டுப் போனது அடுத்த வீட்டைக் கெடுக்கக் கூடாது என்று தனித்தனியாகக் கட்டினார்கள். அது இதற்கும் உதவியாகப் போய்விட்டது.

இன்னொரு சௌகரியமும் உண்டு. எந்தக் கணக்கு, திரை எப்படி இருக்க வேண்டும் என்பவற்றை விளையாட்டு ஒரு சிறு பைலில் எழுதி வைக்கிறது. வீடு தனி என்பதால் அந்தப் பைலும் தனி. முதல் வீட்டைத் திறந்தால் முதல் கணக்கு. இரண்டாவது வீட்டைத் திறந்தால் இரண்டாவது கணக்கு. மாற்றி மாற்றிப் பெயரும் ரகசியச் சொல்லும் அடிக்கத் தேவை இல்லை.

சரி, விளையாட்டின் படங்களும் பாட்டுகளும் அடங்கிய பெரிய பைல் பல பத்து ஜி.பி. அளவு இருக்கிறதே, வீட்டுக்கு ஒன்று வைத்தால் டிஸ்க் தாங்குமா? தாங்காது. அதற்கும் வழி உண்டு. பைலை ஒரே இடத்தில் வைத்து விட்டு, மற்ற வீடுகளில் அதற்கு ஒரு கைகாட்டி மரம் மட்டும் நடுகிறார்கள். லினக்சில் இதற்கு ‘சிம்பாலிக் லிங்க்’ என்று பெயர். நாலு குடித்தனத்துக்கு ஒரே கிணறு! ஆனால் நாலு பேர் ஒரே சமயத்தில் கிணற்றைத் தூர் வார முடியுமா? ஆகவே, விளையாட்டைத் தொடங்கும்போது ‘ஷேர் ஆர்க்கைவ்’ என்ற கட்டளையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அப்போது எல்லாப் பிரதிகளும் பைலைப் படிக்க மட்டும் செய்யும். எழுதாது. சண்டையும் வராது.

மெமரிதான் கையைக் கடிக்கும். ஒவ்வொரு பிரதியும் சில ஜி.பி. தின்கிறது. 16 ஜி.பி. உள்ள கம்ப்யூட்டர், நாலாவது வீட்டைத் திறக்கும்போதே மூச்சு வாங்க ஆரம்பிக்கும். படம் காட்டும் கார்டுக்கும் பளு அதிகம். அதனால், கண் முன்னால் உள்ள ஜன்னலை மட்டும் முழு வேகத்தில் ஓட விட்டு, மற்ற ஜன்னல்களில் வினாடிக்கு 15, 20 படங்கள் போதும் என்று கடிவாளம் போடுகிறார்கள். டி.எக்ஸ்.வி.கே. துபாஷியிடமே அந்தக் கடிவாளம் இருக்கிறது.

ஆப்பிள் கம்பெனியின் மேக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பாடு வேறு. வார்கிராப்ட், மேக்குக்கு என்றே எழுதப்பட்ட பதிப்புடன் 2004-ம் ஆண்டிலேயே வந்தது. அதை இரண்டாவது தடவை திறக்க ஒரு சிறு கட்டளை போதும். கில்ட் வார்ஸ் 2-க்கும் மேக் பதிப்பு இருந்தது. 2021-ம் ஆண்டு அதை நிறுத்தி விட்டார்கள். இப்போது அவர்களும் ஒயின் துபாஷியைத்தான் தேட வேண்டும். 2023-ம் ஆண்டு ஆப்பிள் கம்பெனியே விளையாட்டு எழுதுகிறவர்களுக்கு ஒரு கருவிப் பெட்டி கொடுத்தது. அதைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பதும் ஒயின்தான்!

ஒரு விரல், ஒரு பொத்தான்

பத்து வீடு கட்டியாகி விட்டது. பத்து ஜன்னலும் திறந்தாகி விட்டது. இப்போது ஒரு ஆசை வரும். கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் பத்து வீரர்களும் ஒரே நேரத்தில் வாளை வீசினால் எப்படி இருக்கும்?

இந்த ஆசைதான் ஆளைக் கவிழ்க்கிறது.

விண்டோசில் இதற்கென்றே ‘ஐ.எஸ்.பாக்சர்’ போன்ற புரோகிராம்கள் விலைக்கு விற்றன. ஐந்து மந்திரவாதிகள் ஒரே கணத்தில் மின்னலை வீசுவார்கள். எதிரே நிற்கும் தனி ஆள் கண் மூடித் திறப்பதற்குள் சாம்பல்! ஈவ் விளையாட்டில் ஒரே ஆள் ஒரு படையையே நடத்திக் கொண்டு வந்தார். மற்றவர்கள் கூச்சல் போட்டார்கள். அவர்கள் கூச்சலில் நியாயம் இருந்தது. பத்துப் பேரைச் சேர்க்க வேண்டுமானால் பத்துப் பேரிடம் பேச வேண்டும், கெஞ்ச வேண்டும், நேரம் குறிக்க வேண்டும். இவருக்கோ ஒரு பொத்தான்!

2014-ம் ஆண்டு நவம்பரில் சி.சி.பி. கம்பெனி அறிவித்து விட்டது. 2015 ஜனவரி 1-ந் தேதி முதல், ஒரு தட்டைப் பல ஜன்னல்களுக்கு அனுப்பக் கூடாது. பல கணக்கு வைத்திருக்கலாம்; பல ஜன்னல் திறக்கலாம்; ஆனால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனியாகத் தட்ட வேண்டும். வார்கிராப்டை நடத்தும் பிளிசார்டு கம்பெனி 2020-ம் ஆண்டு நவம்பரில் அதே முடிவுக்கு வந்தது. முதலில் எச்சரிக்கை, கேட்காவிட்டால் கணக்கு முடக்கம் என்றது. அரீனாநெட்டின் சட்டமும் இதுதான்: ஒரு தட்டு, ஒரு கணக்கில், ஒரு செயல். ஆளே இல்லாமல் வீரனை ஆட விட்டு விட்டுப் போவதும் கூடாது.

லினக்சில் இந்த ஆசையை நிறைவேற்ற விலைக்கு எதுவும் வாங்க வேண்டாம். அதுதான் ஆபத்து! லினக்சின் பழைய திரை ஏற்பாடான ‘எக்ஸ்’, 1984-ம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்தது. ஒருவரை ஒருவர் நம்பிய காலம். ஒரு புரோகிராம் இன்னொரு ஜன்னலுக்குள் பொத்தானைத் தட்டலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். அதைச் செய்யும் கருவி இலவசமாகக் கிடைக்கிறது. நாலு வரி எழுதினால் ஒரு தட்டு பத்தாகி விடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொழுது போகாமல் எழுதக் கூடிய நாலு வரி. பத்துக் கணக்கையும் ஒன்றாகத் தூக்கிக் கொண்டு போகக் கூடிய நாலு வரி! ‘வேலண்ட்’ என்ற புதிய திரை ஏற்பாட்டில் இதற்கு இடம் இல்லை. அங்கே ஒரு ஜன்னல் அடுத்த ஜன்னலைத் தொட முடியாது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு அது. பல கணக்குக்காரர்களில் சிலர் அதைக் குறை சொல்கிறார்கள். உண்மையில் அது அவர்களைத்தான் காப்பாற்றுகிறது.

பென்குயின் மீது சந்தேகம்

சட்டத்தை ஒழுங்காக நடந்து வருபவருக்குக் கூட நிம்மதி இருக்கிறதா என்றால், முழுதாக இல்லை.

2006-ம் ஆண்டு நவம்பரில் நடந்தது இது. வார்கிராப்டை லினக்சில் ‘செடேகா’ என்ற துபாஷி மூலம் ஆடி வந்த பலருடைய கணக்குகள் திடீரென்று மூடப்பட்டன. கள்ளப் புரோகிராம் வைத்திருக்கிறார்கள் என்று குற்றச்சாட்டு. அவர்கள் செய்த ஒரே குற்றம், விண்டோஸ் இல்லாத கம்ப்யூட்டரில் ஆடியது! கடைசியில் பிளிசார்டு கம்பெனி மறுபடி விசாரித்து, தவறு என்று ஒப்புக் கொண்டு கணக்குகளைத் திறந்து விட்டது. அதுவரை அவர்கள் எப்படித் துடித்திருப்பார்கள்!

2018-ம் ஆண்டு ஏப்ரலில் கில்ட் வார்ஸ் 2-ல் 1,583 கணக்குகள் ஆறு மாதத்துக்கு முடக்கப்பட்டன. விளையாட்டு ஓடும்போது கம்ப்யூட்டரில் வேறு என்னென்ன புரோகிராம்கள் ஓடுகின்றன என்று கம்பெனி பார்த்திருக்கிறது. பிடிபட்டவர்களில் சிலர், “அந்தப் புரோகிராம் வேறு விளையாட்டுக்காகத் திறந்து கிடந்தது. இதில் பயன்படுத்தவே இல்லை” என்று வாதாடினார்கள். வீட்டில் கன்னக்கோல் இருந்தாலே திருடன் என்ற கணக்கு! இந்தத் தண்டனை லினக்ஸ்காரர்களுக்கு என்று வந்தது அல்ல. ஆனால், கருவிகளைக் குவித்து வைத்திருக்கும் பல கணக்குக்காரர் எவரும் அதைக் கேட்டு ஒரு தடவை தன் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்திருப்பார்.

சில விளையாட்டுகளில் வாசற்படியே மூடி விட்டது. ‘லீக் ஆப் லெஜண்ட்ஸ்’ விளையாட்டில் 2024-ம் ஆண்டு மே மாதம் ‘வேன்கார்டு’ என்ற காவல்காரரை நிறுத்தினார்கள். அது விண்டோசின் அடிமடியில் போய் உட்கார்ந்து கொள்ளும் புரோகிராம். ஒயினிடம் துபாஷி உண்டே தவிர, விண்டோசின் அடிமடி ஏது? அன்றோடு லினக்ஸ்காரர்களுக்கு அந்த விளையாட்டு போயிற்று. ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ விளையாட்டு அதே ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி லினக்ஸ்காரர்களை வெளியே நிறுத்தியது. மோசடிக்காரர்கள் அந்த வழியாக வருகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். நூறு பேரில் ஒருவன் திருடன் என்றால் தெருவையே அடைப்பதா என்று கேட்பவர்கள் கேட்டுக் கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆகவே, விவரம் தெரிந்தவர்கள் விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே பார்க்கிறார்கள். பல கணக்கு வைத்துக் கொள்ளலாம் என்று கம்பெனியே எழுதி வைத்திருக்கிறதா? வாசலில் எந்தக் காவல்காரர் நிற்கிறார்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் முதல் வீட்டைக் கட்டுகிறார்கள். தட்டுகளைப் பெருக்கும் கருவி எதையும் அந்தக் கம்ப்யூட்டரில் வைப்பதே இல்லை. ஒரு ஜன்னலில் தட்டி விட்டு, மவுசை நகர்த்தி அடுத்த ஜன்னலுக்குப் போகிறார்கள். விரலுக்கு வேலை அதிகம்தான். ஐந்து வீரர்கள் ஒன்றாக வாளை வீச மாட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக வீசுவார்கள். நாகத்தைக் கொல்லக் கொஞ்சம் நேரமாகும்.

பத்து வீடும் எப்போதும் சண்டைக்குத்தான் என்று இல்லை. கில்ட் வார்ஸ் 2-ல் ஏறுவதற்குக் கஷ்டமான மலை உச்சிகளில் பெட்டிகள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஒரு கணக்கு ஒரு தடவை திறக்கலாம். ஒரு வீரனை ஒரு தடவை கஷ்டப்பட்டு மேலே ஏற்றி, பெட்டி பக்கத்திலேயே நிறுத்தி விடுகிறார்கள். தினம் வந்து, பெட்டியைத் திறந்து, கிடைத்ததை எடுத்துக் கொண்டு போகலாம். வெறுமனே உள்ளே வந்து போனாலே தினமும் பரிசு கொடுக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. அந்தப் பரிசில் வரும் மாய நாணயத்துக்காகவே தள்ளுபடி விலையில் கணக்குகளை வாங்கிப் போட்டவர்கள் உண்டு. 2023-ம் ஆண்டு கம்பெனி அந்த வழக்கத்தை மாற்றி விட்டது. உள்ளே வந்தால் மட்டும் போதாது, கொஞ்சமாவது ஆட வேண்டும் என்று ஆகி விட்டது. அன்று முதல் பல வீடுகளில் விளக்கு எரிவது இல்லை.

மீதி வீடுகளில், கம்பெனி விளையாட்டில் புது மாற்றம் கொண்டு வரும் நாளில்தான் வேலை அதிகம். கிணறு ஒன்று, குடித்தனம் நாலு என்று சொன்னோமே! எல்லாரும் படிக்க மட்டும் செய்யும்போது புதுப் பகுதியை எழுதிக் கொள்வது யார்? ஆகவே நாலு வீட்டையும் மூட வேண்டும். முதல் வீட்டை மட்டும், ‘ஷேர் ஆர்க்கைவ்’ கட்டளை இல்லாமல் திறக்க வேண்டும். அது புதுப் பகுதியை இறக்கி முடிக்கும் வரை காத்திருந்து, மறுபடி மூட வேண்டும். அதன் பிறகு கட்டளையோடு ஒவ்வொன்றாகத் திறக்கலாம். அவசரப்பட்டு இரண்டாவது வீட்டை முதலில் திறந்தவருக்கு விளையாட்டு உள்ளே விடாது. மூடி விட்டு, முதல் வீட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.